கடைசல்காரர் வீட்டைத் தேடி: லெஸ்டர் பக்கம் ஏழு நாள்

நாள் 1: லெஸ்டர்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிவிட்டது. லண்டனில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, பேரனோடு பூங்காவில் ஊஞ்சலும் ஆடியாயிற்று. ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. "இந்த ஒரு வாரம் எனக்கு. ஒரு குடும்பத்தைப் போய்ப் பார்க்கணும்" என்றேன். எல்லாரும் விழித்தார்கள். மகளை விட்டால் லெஸ்டர் பக்கம் நமக்கு வேறு யார் சொந்தம்?

சொந்தம் இல்லை, தொழில் வழி உறவு. திருநெல்வேலியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். கார்பன் தாள் வைத்த விமான டிக்கெட்டைக் கையால் எழுதிய காலத்தில் சேர்ந்தேன். ஆளாளுக்குப் போனிலேயே டிக்கெட் போட ஆரம்பித்த காலத்தில் ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலுக்கு மூலவர் என்று ஒருவரைச் சொல்வதானால் அது தாமஸ் குக்தான். அவர் பெயரில் ஓடும் இந்தியக் கம்பெனியை நம்மூரில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு கடைசல்காரர் என்பது தெரியாது.

ஆமாம், கடைசல். மரத்தைச் சுழலவிட்டு உளி வைத்துக் கடைந்து நாற்காலிக் கால், மேசைக் கால், பிடி, குமிழ் எல்லாம் செய்கிற வேலை. உலகத்தையே ஊர் சுற்ற வைத்தவர் 32 வயது வரைக்கும் ஒரு சின்ன இங்கிலீஷ் டவுனில் மரம் கடைந்து பிழைத்தார். எனக்கு அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும். கம்பெனி முதலாளியைப் பற்றித் தெரிந்தது போதும்.

சாயங்காலம் லெஸ்டர் ரயில் நிலையம் வரை நடந்தோம். வாசலிலேயே குக் வெண்கலமாக நிற்கிறார். 1994இல் வைத்த சிலை. காலடியில் ஒரு பெட்டி. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரி, அதுவும் ஒரு மரியாதைதான். அவர் சேர்த்துவிட்ட கூட்டம்தானே இது. என் மனைவி மட்டும் சிலையைச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, இவருக்குப் பொண்டாட்டி பிள்ளை உண்டா?"

உண்டு என்றேன். அவ்வளவுதான் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்தது.

நாள் 2: மார்க்கெட் ஹார்பரோ

லெஸ்டரிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஜன்னல் வழியே நாலு செம்மறியாட்டை எண்ணுவதற்குள் ஊர் வந்துவிட்டது. இதே தூரத்தை 1841 ஜூன் 9 அன்று குக் எதிர்த்திசையில் நடந்து போனார், சுமார் 15 மைல். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

மார்க்கெட் ஹார்பரோ, வெல்லண்ட் என்ற சிற்றாற்றங்கரையில் இருக்கும் பழைய சந்தை ஊர். ஊர் நடுவில் செயின்ட் டயனீசியஸ் தேவாலயம், ஈட்டி மாதிரி உயர்ந்த கோபுரம். அதை ஒட்டி மரக்கால்கள் மேல் நிற்கும் ஒரு குட்டிக் கட்டடம். 1614இல் கட்டிய பள்ளிக்கூடம். மேலே பிள்ளைகள் படிக்க, கீழே மழைக்குச் சந்தைக்காரர்கள் ஒதுங்க என்று யோசித்தே அப்படிக் கட்டினார்களாம். நான் போன நேரம் தூறல். அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் நானும் ஒதுங்கினேன். 400 வருடம் கழித்தும் ஒரு கட்டடம் சொன்ன வேலையைச் செய்கிறது.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் ஆடம் அண்ட் ஈவ் தெரு. 1832இல் குக் குடிவந்த தெரு இதுதான். ஆதாம் ஏவாள் தெருவில் குடித்தனம் ஆரம்பிக்க யாருக்கு வாய்க்கும்! அப்போது வயது 23-24, கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் மனைவி மேரியன் இந்தத் தெருவுக்கு வந்தார். 1834 ஜனவரி 13 அன்று மூத்தவன் ஜான் மேசன் குக் பிறந்தான். அடுத்துப் பிறந்த ஹென்றி குழந்தையிலேயே போய்விட்டது. கடை போட்டு, உளி தீட்டி, பிள்ளை பெற்று, ஒரு பிள்ளையைப் புதைத்த ஊர் இது. வீட்டு எண் தேடி அலையவில்லை. தெருவின் நீளத்தை இரண்டு தரம் நடந்தேன், அது போதுமாக இருந்தது.

குக் ஏன் கடைசலுக்கு வந்தார்? அதற்கு முன்னால் அவர் ஊர் ஊராக நடந்து பைபிள் பிரசுரம் விற்ற, பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியர். சம்பளம் வருடத்துக்கு 36 பவுண்டு. பவுண்டுக்கு 20 ஷில்லிங் கணக்கில் வாரத்துக்கு 14 ஷில்லிங்கூடத் தேறாது. 1829இல் ஒரே வருடத்தில் 2,692 மைல் பயணம் செய்திருக்கிறார், அதில் 2,106 மைல் கால்நடை. கணக்கை எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. என் தொழிலில் இது ஒரு நோய். எங்கே போனாலும் கிலோமீட்டரும் நேரமும் குறிப்போம். சபையிடம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் போனது. கையில் இருந்த தொழிலுக்குத் திரும்பினார்.

அந்தக் காலத்துச் சின்ன டவுனில் ஒரு கடைசல்காரர் நிலைமை நம்மூர்ப் பட்டறைக்காரர் நிலைமைதான். கட்டில் கால் உடைந்தால் கூப்பிடுவார்கள், கல்யாணச் சீசனில் ஓயாது, மற்ற மாதம் ஈ ஓட்ட வேண்டும். எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அம்பாசமுத்திரத்தில் என் மாமா கடைசல் பட்டறை வைத்திருந்தார், சொப்புச் சாமான் செய்கிற பட்டறை. மஞ்சள் கடம்பு மரச் சுருள் கால் விரலிடுக்கில் சிக்கும், சூடான அரக்கு வாசனை சட்டையில் நாலு நாள் நிற்கும். மரத்தை இரண்டு முனைக்கும் நடுவில் பிடிக்கும்போது ஊசி குத்தி ஒரு குழி விழும். "எவ்வளவு இழைச்சாலும் அந்தக் குழி போகாதுடா மருமகனே, அதை வச்சுத்தான் கடைசல்னு கண்டுபிடிக்கணும்" என்பார்.

தூறல் விட்டதும் ஒரு சாரிட்டி ஷாப்பில் நுழைந்தோம். பழைய கரண்டி, சட்டி, ஒற்றைக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு மரப் பூரிக்கட்டை, 3 பவுண்டு. இரண்டு முனையிலும் குமிழ் வைத்தது. குமிழைத் திருப்பிப் பார்த்தேன். நட்ட நடுவில் கடுகு அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றி மயிரிழை மாதிரி வளையங்கள். இதை யார் எப்போது கடைந்தார்களோ, வாங்கிவிட்டேன். மனைவிக்கு ஏக சந்தோஷம், அவள் அதைப் பூரிக்கட்டையாகவே பார்த்தாள்.

இந்த ஊரின் இன்னொரு தொழில் குடும்பத்தையும் சொல்ல வேண்டும். தேவாலயத்துக்கு எதிரே செங்கல்லில் ஒரு பிரம்மாண்டக் கட்டடம் இருக்கிறது. சிமிங்டன் குடும்பத்தின் கார்செட் தொழிற்சாலை. பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையைத்தான் கார்செட் என்பார்கள். இப்போது அங்கே நகராட்சி அலுவலகம், நூலகம், அருங்காட்சியகம் எல்லாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் சிமிங்டன் துணிக்கடைக்காரர். கார்செட் தைக்கத் தெரிந்தவர் அவருடைய மனைவி சாரா. மனைவி கைத்தொழில்தான் பிள்ளைகள் காலத்தில் பெரிய ஆலையாக வளர்ந்தது. ஆலைக்குப் பெயர் என்ன? ஆர். அண்ட் டபிள்யூ. எச். சிமிங்டன். இரண்டும் பிள்ளைகள் பெயர்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கார்செட்டுகள் வரிசையாக நிற்கின்றன. மனைவி ஒன்றின் முன்னால் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டு எப்படி இருந்திருப்பாங்க?" என்றாள்.

நாள் 3: மெல்பர்ன், டார்பிஷயர்

சனிக்கிழமை, மாப்பிள்ளைக்கு விடுமுறை. காரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். "மெல்பர்னுக்கா? விசா இருக்கா?" என்று பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் சிரித்தார். ஆஸ்திரேலிய நகரத்துக்குப் பெயர் வந்தது விக்டோரியா ராணியின் முதல் பிரதமர் மெல்பர்ன் பிரபுவால். அந்தப் பிரபுவின் பட்டத்துக்குப் பெயர் வந்தது இந்தச் சின்ன ஊரால். 1808 நவம்பர் 22 அன்று குக் பிறந்தது இங்கேதான்.

தகப்பனார் ஜான் குக் பிள்ளைக்கு நாலு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். தாய் எலிசபெத், பாப்டிஸ்ட் போதகர் வீட்டுப் பெண். மறுமணம் செய்துகொண்டு இன்னும் இரண்டு பிள்ளைகள் பெற்றார். 10 வயதில் தாமஸுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. காய்கறித் தோட்டக்காரரிடம் எடுபிடி, வாரக் கூலி 6 பென்ஸ், அதாவது அரை ஷில்லிங். 14 வயதில் ஜான் பெக் என்பவரிடம் கடைசலும் மரச்சாமான் வேலையும் கற்கச் சேர்த்தார்கள். பெக், குடும்பத்துக்கு மாமா முறை. ஐந்து வருடம் அங்கே.

மாமா பட்டறை என்று படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் 14 வயதில் மாமா பட்டறையில் கயிறு இழுத்தவன். ஒரே வித்தியாசம், நான் ஆறு மாதத்தில் ஓடிவிட்டேன்.

பிறந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். ஆனால் ஊர் இருக்கிறது. மெல்பர்ன் ஹால் என்ற மாளிகை, அதன் தோட்டம், குளம், நார்மன் காலத்துத் தேவாலயம், எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தோட்டத்துக்குக் கட்டணம் கட்டிப் போனோம். யூ மரங்களைக் கிளையோடு கிளை பின்னவிட்டு வளர்த்த ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது, பகலிலேயே இருட்டு. தோட்டத்தின் கோடியில் ராபர்ட் பேக்வெல் என்ற கொல்லர் 1700களின் தொடக்கத்தில் அடித்த இரும்பு மண்டபம். பேர்ட்கேஜ் என்கிறார்கள், பறவைக் கூண்டு. இரும்பை இலையாகவும் கொடியாகவும் அடித்திருக்கிறார். ஒரு கைத்தொழிலாளி பெயரைப் பிரபு வீட்டுத் தோட்டம் இத்தனை காலம் ஞாபகம் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது.

அப்புறம் ஹை ஸ்ட்ரீட். சாலையோரமாகச் செங்கல் வீடுகள், நடுவே முற்றம், ஒரு பிரார்த்தனைக் கூடம். குக் ஞாபகார்த்தக் குடியிருப்பு. கண் பார்வை போய், 80 வயது தாண்டி, 1890-91இல் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. 14 வீடுகள். பாப்டிஸ்ட் சபையின் ஏழைகளுக்கு என்று கட்டினார். பொதுவில் ரொட்டி சுட ஓர் அடுப்படி, துணி துவைக்க ஓர் அறை. நிறைய பணக்காரர்கள் ஊருக்குக் கோபுரம் கட்டுவார்கள், மணிக்கூண்டு கட்டுவார்கள். துவைக்கும் அறை கட்ட, வாரம் 6 பென்ஸில் அம்மா எப்படிக் குடும்பம் ஓட்டினாள் என்று பார்த்த பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். அதனால் படம் எடுக்கவில்லை. ஒரு ஜன்னலோரம் ஜெரேனியம் தொட்டி, இன்னொன்றில் பூனை. பூனை எங்களை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

நாள் 4: பாரோடன்

ஞாயிறு. இது மேரியன் ஊர். இரண்டு நாளாக மனைவி கேட்டுக்கொண்டே இருந்ததால் பட்டியலில் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் முதலில் என் திட்டத்தில் இல்லை.

ரட்லண்ட், இங்கிலாந்திலேயே ஆகச் சிறிய மாவட்டங்களில் ஒன்று. அதில் ஒரு சிற்றூர் பாரோடன். புல்வெளி, ஒரு குளம், வாத்து, தேன் நிறக் கல் வீடுகள். கீழே பள்ளத்தில் அதே வெல்லண்ட் ஆறு. ஹார்பரோவில் பார்த்த தண்ணீர் நமக்கு முன்னால் இங்கே வந்திருக்கும். பிரசுரம் விற்று நடந்த காலத்தில் குக் இந்த ஊருக்கு வந்தார். மேரியன் மேசன் விவசாயி மகள். 1833 மார்ச் 2 அன்று இந்த ஊரில் கல்யாணம்.

இருவரும் பாப்டிஸ்ட் சபையார். ஆனால் அன்றைய சட்டப்படி குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரையும் யூதர்களையும் தவிர வேறு யாராக இருந்தாலும் அரசுத் திருச்சபைக் கோயிலில்தான் தாலி கட்ட முடியும், அதாவது மோதிரம் மாற்ற முடியும். 1754 முதல் 1837 வரை இதுதான் விதி. அதனால் அரசுத் திருச்சபையை ஏற்காத குடும்பங்கள்கூடக் கல்யாணத்துக்கு அதன் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். இன்றைக்குக் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இந்த வீம்பு பெரிய உதவி. கல்யாணப் பதிவு ஒரே இடத்தில் கிடைக்கிறது. குழந்தைப் பிறப்புதான் சிக்கல். பாப்டிஸ்டுகள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அரசாங்கம் பிறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1837 ஜூலையில்தான். குக் தம்பதியின் மூத்த பிள்ளைகள் இருவரும் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். சர்டிபிகேட் கிடையாது.

தேவாலயத்துக்குள் ஒரு கிழவி பூச்சாடியில் பழைய பூவை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். மேரியனுக்காக வந்திருக்கிறோம் என்றதும் பூவைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் தாமஸுக்காகத்தான் கேட்பார்கள், மேரியனுக்காக யாரும் கேட்டதில்லை என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

நாள் 5

எங்கும் போகவில்லை. பேரனுக்குக் காய்ச்சல். பூரிக்கட்டை முதல் தடவை வேலை பார்த்தது. நன்றாக உருளுகிறது.

நாள் 6: விக்ஸ்டன், லஃப்பரோ

காலையில் விக்ஸ்டன் மேக்னா. லெஸ்டருக்குத் தெற்கே, பஸ்ஸில் போகும் தூரம். மாவட்ட ஆவணக் காப்பகம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 2019இல் குக் பெயரிலிருந்த பிரிட்டிஷ் கம்பெனி மூழ்கியபோது, 178 வருடத்துக் காகிதம் எல்லாம் எங்கே போகுமோ என்று இந்தத் தொழிலில் இருந்த பலரும் பயந்தோம். அது கடைசியில் குக் ஊருக்கே வந்து சேர்ந்தது. இங்கேதான் இருக்கிறது.

அந்த வருடம் செப்டம்பர் 23, திங்கட்கிழமை. காலையில் ஆபீஸ் திறக்கும் முன்னே போன் அடிக்க ஆரம்பித்தது. இந்தியக் கம்பெனி 2012லேயே தனியாகக் கைமாறிவிட்டது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! பிரிட்டனிலோ சுமார் 1,50,000 பேர் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டு, அரசாங்கம் விமானம் அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தது.

காப்பகத்தில் பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும். பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தார், அவரும் தச்சராம். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எப்படிப் படிப்பது என்று அவரிடம்தான் கற்றேன். பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். அந்த விதிப்படி 32 வயதுக் குக் வெறும் 30. பிறந்த ஊர் கேட்கவில்லை. இதே மாவட்டத்தில் பிறந்தவரா, ஆமா இல்லையா, அவ்வளவுதான். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் எழுதப்படவில்லை. குடும்பத்தைக் கணக்கெடுத்தார்கள், குடும்பம் என்று சொல்லாமல்.

அந்தக் கணக்கெடுப்பு நடந்தது ஜூன் 6 ராத்திரி. மூன்று நாள் கழித்து, ஜூன் 9 அன்றுதான் குக் அந்தப் பிரபலமான நடையை நடந்தார். ஹார்பரோவிலிருந்து லெஸ்டரில் ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போகிறார். 1833 புத்தாண்டு அன்று இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர், குடியை ஒழித்தால் உலகம் உருப்படும் என்று நம்பியவர். வழியில் கிப்வொர்த் கிராமத்துப் பக்கம் போகும்போது ஒரு யோசனை. லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு தனி ரயிலைப் பேசி மதுவிலக்குக்காரர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப்போனால் என்ன?

ஜூலை 5 அன்று ரயில் கிளம்பிவிட்டது. நாலு வாரம்கூட ஆகவில்லை! ரயில் கம்பெனியைப் பிடித்து, கட்டணம் பேசி, நோட்டீஸ் அச்சடித்து, ஆள் சேர்த்து, போகும் ஊரில் தேநீருக்கும் மைதானத்துக்கும் ஏற்பாடு செய்து... கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஒரு காசி யாத்திரைக்கு 40 பேரைச் சேர்க்க எனக்கு இரண்டு மாதம் ஆகும். சுமார் 500 பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங், கூரை இல்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகள், 11 மைல்.

மத்தியானம் அந்த 11 மைலை நாங்களும் போனோம். லெஸ்டரிலிருந்து லஃப்பரோ, பத்துப் பன்னிரண்டு நிமிடம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டிருந்ததால் அவனும் வந்தான். அவன் அப்பாவின் போனில் கார்ட்டூன் பார்த்து முடிக்கும் முன் இறங்கச் சொன்னதால் அழுதான். லஃப்பரோவில் உலகத்தின் பெரிய மணிகளை வார்க்கும் ஜான் டெய்லர் பட்டறை இருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் 16 டன்னுக்கு மேற்பட்ட மணி 1881இல் இங்கே வார்த்தது. நேரம் இல்லை, வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

நாள் 7: திரும்பவும் லெஸ்டர்

1841லேயே குடும்பம் ஹார்பரோவை விட்டு லெஸ்டர் வந்தது. கடைசல் அத்தோடு முடிந்தது. அச்சுக்கூடம், பிரசுரம், பிறகு சுற்றுலா. 1845இல் லிவர்பூலுக்கு முதல் முறையாக லாபத்துக்குப் பயணம், அடுத்த வருடம் ஸ்காட்லாந்து, 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், 1863இல் சுவிட்சர்லாந்து, 1869இல் எகிப்து, 1872-73இல் 222 நாளில் உலகத்தையே ஒரு சுற்று. இந்தியாவுக்கும் வந்தார். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

கேலோட்ரீ கேட் என்ற கடைவீதியில் 1894இல் கம்பெனி கட்டிய கட்டடம் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் முகப்பில் நாலு புடைப்புச் சிற்பங்கள், ஒவ்வொன்றிலும் வருடம். 1841இல் திறந்த பெட்டி ரயில். 1851இல் கண்காட்சி ரயில். 1884இல் நைல் நதியில் படகு. சூடானில் கார்ட்டூம் நகரில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்கப் போன பட்டாளத்தை ஏற்றிப்போனது மகன் ஜான் மேசன். 1891இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தின் மேல் ரயில். நாலிலும் வண்டி, புகை, தண்ணீர். கீழே மொபைல் கடைக்காரப் பையன் நான் எதை அண்ணாந்து பார்க்கிறேன் என்று வெளியே வந்து அவனும் பார்த்தான். இத்தனை நாள் கவனித்ததில்லையாம்.

அங்கிருந்து கிரான்பி தெரு. 1853இல் குக் இங்கே மதுவிலக்கு ஹோட்டல் திறந்தார். சாராயம் கிடையாது, சாப்பாடு, படுக்கை, பிரார்த்தனை. அவர் வருடத்தில் பாதி நாள் வண்டியில் இருப்பவர். ஹோட்டலை நடத்தியது மேரியன். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே கிரேட் ரஸ்ஸல் தெருவில் ஒரு விடுதி போட்டார்கள், அதிலும் அந்த அம்மாள். ஊர் ஊராகக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொல்வதற்கு, வந்த கூட்டத்துக்குப் படுக்கை விரிக்க ஒருவர் வேண்டும். காசி யாத்திரைக்கு நான் கிளம்பும்போது 40 பேருக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தது யார் என்று மனைவி கேட்கவில்லை. கேட்காததுதான் உறுத்தியது.

1870களின் தொடக்கத்தில் கம்பெனிக்குத் தாமஸ் குக் அண்ட் சன் என்று பெயர் மாறியது. ஜான் மேசன் கெட்டிக்காரன், அப்பாவைவிடக் கணக்கில் கறார். அப்பாவுக்குத் தொழில் என்பது தர்மமும் சேர்ந்தது. பிள்ளைக்குத் தொழில் தொழில்தான். இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1878இல் அப்பா ஒதுங்கி லெஸ்டர் லண்டன் ரோட்டில் தான் கட்டிய தோர்ன்கிராஃப்ட் என்ற வீட்டோடு இருந்துவிட்டார். எந்தப் பக்கம் நியாயம் என்று ஆபீஸ் நாட்களில் கேட்டிருந்தால் மகன் பக்கம் என்றிருப்பேன். கணக்கு வராமல் கம்பெனி நடக்காது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

அந்த வீட்டைச் சாலையோரமாக நின்றுதான் பார்த்தோம். பெரிய வீடு, அகன்ற ஜன்னல்கள். இங்கேதான் 1880 நவம்பரில் மகள் ஆனி குளியலறையில் இறந்துகிடந்தாள், வயது 35. புதிதாக வைத்த கேஸ் வெந்நீர் அடுப்பு கக்கிய நச்சுக் காற்றில் மயங்கித் தொட்டிக்குள்ளேயே மூழ்கிவிட்டாள். அவளுக்கும் கம்பெனி ஊழியர் ஒருவருக்கும் கல்யாணம் பேசி, அண்ணன் அதற்குக் குறுக்கே நின்றிருந்தான். நாலு வருடத்தில் மேரியனும் போய்ச் சேர்ந்தார். கிழவர் கண் தெரியாமல் இன்னும் எட்டு வருடம் இருந்தார். 1891இல் கம்பெனியின் 50ஆம் ஆண்டைப் பெரிய விருந்தோடு கொண்டாடினார்கள். நிறுவனர் போகவில்லை. 1892 ஜூலை 18 அன்று இறந்தார்.

மகனும் அதிக நாள் இல்லை. 1898இல் ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் பாலஸ்தீனம் போனபோது பயண ஏற்பாட்டுக்குக் கூடவே போய், அங்கே நோய் பிடித்து, அடுத்த வருடம் போய்விட்டார். பேரன்கள் 1928இல் கம்பெனியை விற்றார்கள். குடும்பத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் உறவு அங்கே முடிகிறது.

கடைசியாக வெல்ஃபோர்டு ரோடு கல்லறைத் தோட்டம். பல்கலைக்கழகத்தை ஒட்டி, சரிவான நிலம், சாய்ந்த கற்கள், எங்கும் புல். மேரியனும் ஆனியும் இருக்கும் இடத்திலேயே தாமஸையும் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் சேராத இரண்டு பெண்களும் கல்லில் அவரோடு இருக்கிறார்கள். மனைவி கைக்குட்டையால் கல்லின் அடியில் ஒட்டியிருந்த ஈரப் புல்லைத் துடைத்தாள். கொண்டுவந்த பூ எதுவும் இல்லை. பேரன் வழியில் பறித்த டெய்சிப் பூ இரண்டு இருந்தது, தர மாட்டேன் என்றான். அப்புறம் ஒன்று மட்டும் வைத்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினோம். நாளை மறுநாள் விமானம். துணிக்கு நடுவே பூரிக்கட்டையைச் சுற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்: "இதைக் கைப்பையில் கொண்டுபோக விடுவாங்களா?"

"விட மாட்டாங்க, கட்டைன்னு பிடுங்கிடுவாங்க. பெரிய பெட்டியில போடு."

"31 வருஷத்துல இது ஒண்ணாவது எனக்கு உபயோகமா சொன்னீங்க" என்றபடி பெட்டியின் அடியில் வைத்தாள், குமிழ் உடையாமல் இருக்க என் சட்டை இரண்டைச் சுற்றி.